பொம்மை ஊரில் நம் லயம் எங்கே?

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் பேரங்காடிகளில் பஞ்சுப் பனிக்கு நடுவே குட்டிக் குட்டி வீடுகள் விளக்கொளியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது வெறும் அலங்காரம். மேலைநாடுகளிலோ ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்து, ஓர் ஊரையே வரவேற்பறையில் அமைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் டிபார்ட்மெண்ட் 56 நிறுவனம் 1976-இல் ஆறு பீங்கான் கட்டடங்களோடு 'ஸ்னோ வில்லேஜ்' தொடரைத் தொடங்கியது. 1984-இல் 'டிக்கன்ஸ் வில்லேஜ்' வந்தது. இங்கிலாந்தின் லில்லிபுட் லேன் நிறுவனம் 1982-இல் தொடங்கி, அந்நாட்டுக் கிராமத்து வீடுகளைச் சிற்றுருவாக்கியது.

அவர்கள் தங்கள் பாட்டன் காலத்து ஊரைக் கைக்குள் அடக்கி வைத்துக்கொண்டார்கள். நம் பாட்டன் வாழ்ந்த ஊரை யார் செய்வது?

'தோட்டம்' என்றொரு தொடர் வேண்டும் என்பது என் கருத்து. முதலில் ஆறு கட்டடங்கள் போதும்: தகரக் கூரை போட்ட லயம், காளியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, மேட்டின்மேல் துரை பங்களா. பிறகு ஐந்தடிப் பாதையுடன் கூடிய பட்டணத்துக் கடைவரிசை, இடிக்கப்பட்டுவிட்ட பிரிக்பீல்ட்ஸ் நூறு வீடுகள் என அடுத்தடுத்த தொடர்கள் வரலாம்.

"கள்ளுக்கடை எதற்கு? நம் மானம் போகாதா?" என்று கேட்டான் நண்பன் ஒருவன். டிக்கன்ஸ் தொடரில் கஞ்சன் ஸ்குரூஜின் அலுவலகமும் உண்டு. ஆனால் அதுவும் பனிக்கு நடுவே அழகாகத்தான் ஒளிர்கிறது. கடனுக்காகத் தந்தை 1824-இல் சிறை செல்ல, பன்னிரண்டு வயதில் தொழிற்சாலையில் உழைத்தவர் டிக்கன்ஸ். அந்த வலி பொம்மையில் தெரிவதில்லை. நாம் அந்தத் தவற்றைச் செய்யக்கூடாது. லயத்தை மாளிகைபோல் மினுக்கவும் வேண்டாம். கள்ளுக்கடையை மறைக்கவும் வேண்டாம். எல்லாம் ஒரே அளவுகோலில் இருக்கட்டும். ஒரு குடும்பத்தின் வீடு எவ்வளவு, துரையின் பங்களா எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு வரலாற்று ஆசிரியரே தேவைப்படமாட்டார்.

பள்ளிக்கூடம் கட்டாயம் வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறக்குறைய 530.

நான் படித்த தோட்டப்பள்ளியும் இன்று அந்த இடத்தில் இல்லை. இக்கட்டுரைக்காக அதன் படத்தை வரைய உட்கார்ந்தேன். சன்னல்கள் எத்தனை? நான் ஆறு என்றேன். உடன் படித்த ஒருத்தி எட்டு என்றாள். இன்னொருவன் சன்னலே இல்லை, கம்பிவலைதான் என்றான். ஆறாண்டுகள் அங்கேயே படித்தவர்கள் நாங்கள்! பத்தே ஆண்டில் எங்களுக்கே இந்த நிலை என்றால், லயத்தில் பிறக்காத அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்?

எனவே வாசகர்களே, பீங்கானுக்கும் அச்சுக்கும் பணம் பிறகு தேடலாம். முதலில் அளவுகள் வேண்டும். வரும் விடுமுறையில் பாட்டியின் பக்கத்தில் ஒரு தாளோடு உட்காருங்கள். அடுப்படி எந்தப் பக்கம், வாசல் எத்தனை அடி, தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டு வரையுங்கள். சொல்வதற்குப் பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.