வாயடைத்த வெற்றி

தில்லையிலே ஈழத்துப் பௌத்தர்களை மாணிக்கவாசகர் வாதில் வென்றார் என்று கூறுகிறது திருவாதவூரர் புராணம். வென்ற விதம்? அவர்தம் நாவை ஊமையாக்கி! வாயடைத்துப் பெற்றதற்குப் பெயர் வாதமாம், வெற்றியாம்! கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலோ, சமணர் பள்ளியையே இடித்து, அதிகையிலே கோயில் எழுப்பினான் பல்லவன் என்று பெரியபுராணம் பூரிக்கிறது.

அந்தப் பௌத்தத்தின் தியானம் இன்று நம் இளைஞர்களை அழைக்கிறது. விபாசனா மூச்சையும் உடலுணர்வையும் கவனிக்கச் சொல்கிறது. ஜென் அசையாது அமரச் சொல்கிறது. ஆண்டவனுக்கு அங்கே அலுவலில்லை; நாம் தடுக்கவில்லை. திபெத்திய முறையிலோ மந்திரமும் தெய்வ உருவமும் மண்டுகின்றன. நடராசனை விட்டவன் தாராதேவியைத் தொழுவதா? காலாமர்க்குப் புத்தர் உரைத்தது என்ன? மரபென்றோ, குரு சொன்னாரென்றோ ஏற்காதீர் என்பதன்றோ! பத்து நாள் பயிற்சியிலே வாயை மூடட்டும் தோழர்கள். கேள்வியையும் மூடச் சொன்னால், எழுந்து வெளியே வரட்டும்.