படுக்க விடாத பெஞ்ச்!

குட்டீஸ்... லண்டனில், கேம்டன் என்ற பகுதியில், 2012ல் ஒரு புதுவகை பெஞ்ச் போட்டனர். முழுவதும் கான்கிரீட். மேல்பக்கம் சமமாக இராது, அங்கங்கே சரிந்திருக்கும். உட்காரலாம், படுக்க முடியாது. குப்பை சேர, இடுக்கும் கிடையாது.

'நல்ல யோசனைதானே' என்பீர்கள். குப்பை விஷயத்தில் நானும் ஒப்புக் கொள்கிறேன். ஆனால், வீடில்லாமல் தெருவில் தூங்குபவருக்கு அதனால் வீடு கிடைத்ததா? இல்லை, வேறு தெருவைத் தேடிப் போக வேண்டியதுதான்! சாய்ந்து கொள்ள முதுகுப் பலகையும் இல்லாததால், வயதானவர்கள் பாடும் சிரமம்தான். ஒருவரை விரட்டப் போட்ட இருக்கை, மற்றவருக்கும் வசதியாக இல்லை.

நாளை நீங்கள் இன்ஜினியராகி, பூங்காவுக்கு பெஞ்ச் அமைத்தால், யாருக்கெல்லாம் கால் வலிக்கும் என்று முதலில் யோசியுங்கள். அவர்கள் உட்காரட்டும்!