செயலியின் வேகமும் நினைவகத்தின் நிதானமும்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் மென்பொருட் பணி நடைபெறும் இந்நாளில், கணிப்பொறி வாங்கும் மாணவர் நம் பக்கத்தில் பெருகியுள்ளனர். செயலியை அதற்கு விதித்த வேகத்தினும் விரைந்து ஓட்டும் ஓவர்கிளாக்கிங் முறையில் அவருட் சிலர்க்கு மோகம் மிகுதி. நினைவகம் இம்முயற்சிக்குத் தடையாகுமோ என்பது அவர் எழுப்பும் வினா.

பழைய பொறிகள் பலவற்றில் ஆகும் என்போம். அவற்றில் செயலியும் நினைவகமும் ஒரே அடிப்படைத் துடிப்பினின்று தம் வேகத்தைப் பெற்றன. ஆகவே ஒன்றை உயர்த்த மற்றதும் உயர்ந்தது. நினைவகம் அதனைத் தாங்காது பிழை செய்தது. பெருக்கெண்ணை மாற்ற இடந்தரும் செயலிகளிலோ, நினைவகத்தைத் தொடாமலே செயலியை மட்டும் விரைவுபடுத்தலாம்.

ஆயினும் பயனுக்குள்ள தடை நீங்கிற்றில்லை. நினைவகம் ஒரு செய்தியைத் தர 80 நானோ நொடி ஆகுமெனக் கொள்வோம். 4 கிகாஹெர்ட்ஸ் செயலி அதற்குள் 320 துடிப்பு வீணே காத்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 400 துடிப்பு காத்திருக்கும். காத்திருக்கும் நேரமோ அணுவளவும் குறையவில்லை! செயலியினுள்ளேயே அமைந்த கேஷ் என்னும் சிறு சேமிப்பில் அடங்கும் கணக்குகளுக்கே அவ்விரைவு முழுதும் பயன்படும்.

மலையிற் சாரல் இல்லையேல், குற்றாலத்துப் பேரருவியின் அடியில் இடத்தை எத்துணை விரித்தும் குளிப்பார்க்குப் பயன் என்?

ஆதலின் நண்பர்காள், விரைவுச் செயலிக்கும் அதன் வெப்பந் தணிக்கும் கருவிக்கும் பெற்றோர் ஈட்டிய பொருளை இறைக்குமுன், போதிய அளவும் விரைவுமுள்ள நினைவகம் உளதோவென நோக்குமின். சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்!