மோட்டர் எரிந்ததென்று முடிவு கட்டுமுன்



உடுப்புத் தோய்த்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் பலரிடம் இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரமே இருக்கிறது. ஒரு தொட்டி தோய்க்கும். மற்றது உடுப்பைச் சுழற்றி நீரை வெளியேற்றும். மாரி காலத்தில் இந்த இரண்டாவது தொட்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். அப்போது முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையா, அல்லது "ம்ம்ம்" என்று உறுமுகிறதா? பாதி விடை அதில் உண்டு.

சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் மோட்டருக்கு மின்சாரம் போகவில்லை. தோய்க்கும் தொட்டி வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால், இயந்திரம் வரை மின்சாரம் வருகிறது. அடுத்து மூடியைப் பாருங்கள். அது நன்றாக மூடினால்தான் அதனடியிலுள்ள சுவிட்ச் மின்சாரத்தை விடும். சில மோட்டர்கள் சூடு கூடினால் தாமாகவே நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் மூடிச் சுவிட்ச், நேரம் வைக்கும் குமிழ், வயர் ஆகியவற்றைத் திருத்துநர் சோதிக்க வேண்டும்.

உறுமினால் மின்சாரம் வருகிறது, ஆனால் மோட்டரால் சுற்ற முடியவில்லை. உடனே நிறுத்துங்கள். உறுமவிட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் உண்மையிலேயே எரிந்துவிடும். பிளக்கைக் கழற்றி, உடுப்புகளை வெளியே எடுங்கள். தொட்டியின் ஓரத்தால் காலுறையோ கைக்குட்டையோ கீழே இறங்கிச் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் மூடியை மூடி வெறுந்தொட்டியாக ஒருமுறை ஓடவிடுங்கள். சுற்றினால் பெரும்பாலும் பாரம்தான் காரணம். உடுப்பைக் குறைத்துச் சமமாகப் பரப்புங்கள். அப்போதும் உறுமினால் பிறேக் விடுபடாமல் இருக்கலாம், அல்லது கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். மோட்டருக்கு முதல் உந்துதல் கொடுப்பது இந்தச் சிறு பாகமே.

சென்ற மாரியில் ஒரு சகோதரியிடம் புது மோட்டர் போடவேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். காதுத் தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டவரை மறித்து, இயந்திரத்தைப் போய்ப் பார்த்தேன். உறுமல் கேட்டது. தெரிந்த திருத்துநரைக் கொண்டு கெப்பாசிட்டரை மாற்றினோம், தொட்டி சுற்றியது. வீட்டில் ஆண்துணை இல்லையென்று தெரிந்தால் செலவைக் கூட்டிச் சொல்வோரும் உண்டு. நோயைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஈரக் கையுடனும் வெறுங்காலுடனும் பிளக்கைத் தொடவேண்டாம்; எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட், உயிரைப் பறிக்கும்.

திருத்துநரிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். மோட்டருக்கு முன் பிறேக்கையும் கெப்பாசிட்டரையும் பார்க்க வேண்டும். புதிய கெப்பாசிட்டரில் பழையதில் உள்ள அதே மைக்ரோபரட் அளவு இருக்க வேண்டும். வோல்ட் அளவு குறையக்கூடாது. கழற்றிய பாகத்தை உங்களிடம் தரவேண்டும்.

மூடிச் சுவிட்சை விலக்கி வயரை நேரே இணைத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். திறந்தபடி சுற்றும் தொட்டிக்குள் பிள்ளையின் கை போனால் முறிந்துவிடும்.