மலைச் சோற்றின் விலை

இமயத்தின் மடியில் விடுதிக்கு விடுதி நடந்து செல்லும் பிரயாணத்துக்குச் செலவுத் திட்டம் வகுப்போர் பெரும்பாலும் விமானக் கட்டணம், அனுமதிச் சீட்டு, அறை வாடகை என்று மூன்று தொகைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அன்னபூர்ணா அடிவார முகாமும் எவரெஸ்ட் அடிவார முகாமும் தாம் அஞ்சிய அளவுக்கு எட்டாதவை அல்ல என்று திருப்தி அடைகிறார்கள். அத்திருப்திக்கு ஓரளவு நியாயமும் உண்டு. நேபாளத்தின் பிரபலமான மலைப்பாதைகளில் சில மணி நேர நடைக்கு ஒரு விடுதி இருப்பதால் கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பிரதேசத்துக்குள் நுழைய அயல் தேசத்தார் 3000 நேபாள ரூபாய் செலுத்துமிடத்தில், சார்க் நாட்டினராகிய நமக்கு 1000 ரூபாயே கட்டணம். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதமும் மாறாதிருக்கிறது.

ஆனால் அறை வாடகையை அளவுகோலாகக் கொண்ட கணக்கு, மேலே ஏற ஏறப் பொய்த்துவிடுகிறது. இரவு உணவையும் காலை ஆகாரத்தையும் தம்மிடமே விருந்தினர் உண்பார் என்ற எழுதாத உடன்படிக்கையின் பேரில்தான் விடுதிக்காரர் அறையை அற்பத் தொகைக்குத் தருகிறார். வெளியே சாப்பிட்டு வருபவரிடம் அவர் வாடகையைப் பன்மடங்கு உயர்த்திக் கேட்பதில் வியப்பொன்றுமில்லை. வெந்நீர்க் குளியல், கைபேசிக்கு மின்னேற்றம், இணையத் தொடர்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் உயரத்தில் தனிக் கட்டணம் உண்டென்பதையும், எவரெஸ்ட் பாதையில் நாம்சே பஜாரைக் கடந்தால் ரொக்கத்தையே நம்பவேண்டும் என்பதையும் முன்பே அறிந்திருப்பது நலம்.

ஏற ஏறச் சோற்றின் விலையும் ஏறுவதைக் கண்டு கொதிப்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. 2860 மீட்டர் உயரத்திலுள்ள லுக்லாவிலிருந்து 5164 மீட்டரிலுள்ள கோரக் ஷெப் வரையில் சக்கரம் உருளும் பாதை கிடையாது. அங்கே தட்டில் விழும் ஒவ்வொரு பிடி அரிசியும், அதை வேகவைக்கும் எரிவாயு உருளையும், யாக் எருதின் முதுகிலோ, நெற்றிப் பட்டையால் கூடையைத் தாங்கிச் செல்லும் மனிதனின் முதுகிலோ பெரும்பாலும் நாட்கணக்கில் ஏறிவந்தவை. காட்மாண்டு ஹோட்டலில் வாய்திறவாமல் பணம் கொடுப்பவர், மலையில் ஒரு கோப்பைத் தேநீருக்குப் பேரம் பேசுவதைச் சிக்கனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. சிக்கனம் வேண்டுவோருக்குத் தால் பாத் இருக்கிறது. சோறும் பருப்பும் கேட்கக் கேட்க மறுபடி பரிமாறும் அந்த உணவைவிட, நடந்து களைத்தவனுக்கு லாபமானது வேறில்லை. (ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் பீட்சா கேட்பவருக்குச் சொல்ல என்னிடம் ஆலோசனை இல்லை.)

பேரம் பேசுவதினும் அபாயகரமானது நாட்களைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தும் யுக்தி. 3000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டவேண்டும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவேண்டும் என்பது மலை வைத்தியர்களின் விதி. அதனால்தான் எவரெஸ்ட் பாதையிலுள்ள நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் கூடுதலாகத் தங்குவது வழக்கமாயிருக்கிறது. அந்த நாளை வெட்டினால் மிஞ்சுவது ஓர் அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும். வெட்டியதன் பயனாக நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால் அழைக்கவேண்டியது ஹெலிகாப்டரை. ஆகையால் தாம் ஏறும் உயரத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் பெயர் சொல்லி ஏற்கும் காப்பீடும், மேகம் சூழ்ந்து லுக்லா விமானம் நின்றுபோனால் காத்திருப்பதற்கான இரண்டு மூன்று நாள் செலவும், திட்டத்தின் முதல் வரிகளாக இருக்கத்தக்கவை.

சுமையாளை அமர்த்துபவர் அவர் கூலியோடு கணக்கை முடித்துவிடுவது வழக்கம். 1997இல் உயர நோயுற்ற இளம் சுமையாள் ஒருவர் தனியே கீழே அனுப்பப்பட்டு மாண்ட பிறகே, சுமையாளர் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேசக் குழு தோன்றியது. கம்பளி உடை, காலணி, உறங்குமிடம், காப்பீடு ஆகியவை நாம் அமர்த்தும் சுமையாளுக்கு உண்டா என்று ஏஜென்சியிடம் முன்பணம் கொடுக்கும்போதே கேட்கவேண்டும். இல்லையென்றால் அச்செலவையும் நம் தாளிலேயே எழுதிக்கொள்ளவேண்டும்.