சர்வர் யார் வீட்டில் இருக்கு?

சர்வர் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஓட்டல்காரர். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர். கம்ப்யூட்டர் சர்வரும் அதேதான், கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். ஆனால் தோழர்களே, டீ எந்த டம்ளரில் வரும் என்று சர்வரா தீர்மானிக்கிறார்? கடை யாருடையதோ அவன் தீர்மானிக்கிறான். இரட்டை டம்ளர் பார்த்தவர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கவுண்டரில் உட்கார்ந்து 'சர்வர் டவுன்' சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறவன் நான். உப்பளக் கூலியை எடுக்க வந்த அம்மா ஒருநாள், "எங்கப்பா இருக்கு அந்த சர்வரு?" என்று கேட்டாங்க. அந்தக் கேள்விதான் அரசியல். நம்ம இயக்கத்தின் சொத்து எங்கே கிடக்கு? 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் எரிக்கப்பட்ட தலித் குடிசைகளின் படங்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், நின்றுபோன சிற்றிதழ்கள் எல்லாம் ஃபேஸ்புக்கிலும், யாரோ ஒருத்தர் கூகுள் கணக்கிலும். யாஹூ 2009-ல் ஜியோசிட்டீஸை மூடியது, 2020-ல் குழுமங்களை மூடியது. 2019 நவம்பரில் திலீப் மண்டலின் ட்விட்டர் கணக்கை முடக்கியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது, கணக்கு மீண்டது. கேட்க நாதியில்லாத சேரிப் பையனின் கணக்கு போனால் போனதுதான்.

இடம் யாருடையது என்பதற்கு ஏம்பலத்தைப் பாருங்கள். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்கள் தொடங்கியது. ஏம்பலத்தில் கிடைத்த இடம் கோயில். 2000-ல் நியூயார்க் டைம்ஸ் அதை வியந்து எழுதியது: கோயிலுக்கு இரண்டு கதவு, ஒன்றில் தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் நுழையக்கூடாது, கம்ப்யூட்டர் இருக்கும் இன்னொன்றில் யாரும் நுழையலாம். மையம் எல்லோருக்கும் பொது என்று நிறுவனம் போட்ட நிபந்தனை நல்லதுதான். ஆனால் அந்த இரண்டாவது கதவின் சாவி யார் இடுப்பில்? 1920-ல் மூக்நாயக் விளம்பரத்தைக் காசு கொடுத்தும் கேசரி போட மறுத்தது. 1907-லேயே தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசர் கௌதமா அச்சகத்தை ஏன் நடத்தினார் என்று யோசிக்கணும்.

வீட்டிலேயே சர்வர் வைக்கலாம். பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டர் போதும். டெபியன் போட்டு என்ஜின்எக்ஸ் நிறுவினால் பாதி முடிந்தது. மீதி ரவுட்டரில்.

உப்பளத்தை வைத்தே சொல்றேன். ரவுட்டர் ஒரு வரப்பு. உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் திரும்பி வரும். வெளியாள் தானாக வந்தால், எந்தப் பாத்திக்கு என்று தெரியாமல் ரவுட்டர் தள்ளிவிடும். அதனால் ஒரு மடை திறக்கணும்: 443-ஆம் போர்ட்டுக்கு வருவதை இந்தக் கம்ப்யூட்டருக்கு விடு. போர்ட் ஃபார்வர்டிங் இவ்வளவுதான். அந்த உள்முகவரி மாறாதபடி ரவுட்டரில் கட்டிப்போடணும். வெளிமுகவரி மாறிக்கொண்டே இருந்தால் டைனமிக் டிஎன்எஸ் பார்த்துக்கொள்ளும். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள்.

இங்கேதான் கம்பெனி குறுக்கே நிற்குது. பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. இப்போது பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்கிறார்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-லிருந்து 100.127 வரை எதிலாவது தொடங்கினால் உங்கள் வீடும் அதில் ஒன்று. நம்ம வரப்புக்கு வெளியே கம்பெனி வரப்பு. எத்தனை மடை திறந்தாலும் தண்ணி வராது. நாம் போய் வாங்கலாம், நம்மிடம் யாரும் வந்து வாங்க முடியாது. பழக்கமான ஏற்பாடுதான்! கூடுதல் காசு கட்டினால் நிலையான முகவரி தர்றாங்க. ஐபிவி6 இருந்தால் தனி முகவரியே கிடைக்கும், ரவுட்டரின் தடுப்பில் மட்டும் வழி விடணும். ரெண்டும் இல்லையா, டோர் ஆனியன் சேவை இருக்கு. அதற்கு மடையே வேண்டாம். ஆனால் படிப்பவரிடம் டோர் உலாவி இருக்கணும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்கணும். சாட்சிகளின் பெயர், முகம், வீட்டு அடையாளம் இந்தப் பெட்டியில் ஏறவே கூடாது. வன்கொடுமை வழக்கில் ஆளை மிரட்ட ஒரு போட்டோ போதும். அந்த ஆவணங்கள் இணையம் தொடாத வேறு பெட்டியில் இருக்கட்டும்.

"ஜனங்க ஃபேஸ்புக்லதானே இருக்காங்க" என்று சில தோழர்கள் கேட்பாங்க. இருக்கட்டும், நோட்டீஸை அங்கே ஒட்டுவோம். மூலப்பிரதி நம்ம வீட்டில். உப்புக்காத்து சர்க்யூட்டைத் தின்னும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரையேறியது இந்தப் பக்கம்தான். அதனால் பிரதி ஒன்று விழுப்புரத்தில், ஒன்று சென்னையில். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்காங்க. பரணில் கரையான் தின்னும் நம் பழைய இதழ்களிலிருந்து தொடங்கலாம். ஸ்கேன் செய்யத் தெரிந்த மாணவர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள்.