ஊரின் பெயரும் வீட்டின் முகவரியும்

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் முன்னோர் வழங்கிய முதுமொழி. வாழ்ந்து கெட்டவனும் பட்டணம் போனால் பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. எங்கள் இளையான்குடிப் பக்கத்தில் பட்டணம் என்றால் சென்னை. சென்னை என்றால் மண்ணடியும் முத்தியாலுப்பேட்டையும் இராயபுரமும்தாம். என் பாட்டனார் மண்ணடியில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனபோது, 'பேரன் பட்டணத்தில் இருக்கிறான்' என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம். அவர் பேரனாகிய நான் அதே பகுதிக்கு அருகில் வியாசர்பாடியில் வீடு பார்த்தபோதோ, 'அங்கேயா?' என்று உறவினர் அனைவரும் வாய்மேல் கைவைத்தனர். மூன்று தலைமுறைக்குள் முதுமொழி தலைகீழாகிவிட்டது.

இதனை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. அண்மையில் பணியில் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், மணமாகி ஓராண்டு ஆனவர், மனைவி கருவுற்றிருக்கும் நிலையில் என்னிடம் வந்து, "ஐயா, வடசென்னையில் குடியேறலாமா? பிள்ளையை அங்கே வளர்க்கலாமா?" என்று கேட்டார். தென்சென்னை வாடகை அவர் ஊதியத்தில் பாதியை விழுங்குகிறது. பெற்றோரோ வடசென்னை என்ற சொல்லையே கேட்க மறுக்கின்றனர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடைகூற என்னால் இயலவில்லை.

ஒரு பகுதிக்குப் பெயர் சூட்டுபவர் பெரும்பாலும் அங்கு வாழாதவரே. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர், கோட்டைக்கு வெளியே தமிழரும் தெலுங்கரும் பிறரும் வாழ்ந்த பகுதியைக் 'கருப்பர் நகரம்' என்றனர். 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பெயர் மாறியது, வெளியிலிருந்து நோக்கும் நோக்கு மாறவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் பெயராக எண்ணப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே தோன்றியது, திரு.வி.க. அவர்களுக்காக மேடையேறினார். இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்தார். ஞானக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு தங்கி அடங்கியதும் இராயபுரத்திலேதான். அவரைத் 'தொண்டியார்' என்று மக்கள் அழைத்ததாலேயே தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பாரும் உளர். என் எம்.ஃபில். ஆய்வுக்காக அவர் அடக்கத்தலத்தைத் தேடி அலைந்தபோதுதான் இப்பகுதி எனக்கு முதன்முதலில் அறிமுகமாயிற்று. ஆய்வேடு நூலகத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அந்த அலைச்சல் மட்டும் பயன் தந்தது.

பழம்பெருமை பேசினால் பிள்ளை வளர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். முறையான கேள்வி. பெரம்பூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. தந்தையும் மகனுமாக வேலைபார்த்த குடும்பங்கள் தெருவில் நின்றன. வேலையற்ற இளைஞரைத் தேடிக் கஞ்சாவும் வந்தது. அடியாள் தொழிலும் வந்தது. இவற்றை மறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று பெரம்பூரில் ஒரு கட்சியின் மாநிலத் தலைவர் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்றிரவே ஊரிலிருந்து என் மாமனார் தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை, இதுக்கு மேலயும் பிள்ளைகளை அங்க வச்சிருக்கணுமா?" என்றார். அவர் குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. "யோசிக்கிறேன் மாமா" என்றேன். அன்றிரவு உண்மையிலேயே உறங்காமல் யோசித்தேன்.

யோசித்தபோது என் தெருவே கண்முன் வந்தது. எங்கள் தெருமுனையில் விளக்கின் கீழ் இரவு பதினொரு மணிவரை கேரம் பலகையைச் சுற்றி இளைஞர் கூட்டம் நிற்கும். குடிவந்த புதிதில் அக்கூட்டத்தைக் கண்டே என் இல்லாள் அஞ்சினாள். மகள் பத்தாம் வகுப்புத் தனிப்பயிற்சி முடித்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பத் தொடங்கிய ஆண்டில், அக்கூட்டம் இல்லாத மழைநாட்களில்தான் எனக்கு அச்சம் பிறந்தது. வாயிற்படியில் அமர்ந்து பூக்கட்டும் பெண்கள், இட்லிக் கடை ஆயா, பலகையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் ஆகிய இத்தனை கண்களைக் கடந்துதான் எவரும் எங்கள் தெருவுக்குள் வர இயலும். காவலாளி நிற்கும் அடுக்ககங்களில் பக்கத்து வீட்டார் பெயர் அறியாமல் வாழும் என் நண்பர்கள், பாதுகாப்பு என்று எதனைக் கருதுகிறார்களோ, அறியேன். கேரம் பலகை என்றதும் நினைவுக்கு வருகிறது: உலக வாகையர் பட்டம் பெற்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

ஆதலின், என் கருத்தில், கெட்ட பெயர் செய்யும் பெருந்தீங்கு வேறு. அது நம் அச்சத்தைத் தவறான திசையில் திருப்பிவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரனைக் கண்டு அஞ்சுகிறோம். வானில் எழும் புகையை அண்ணாந்து பார்ப்பதில்லை. என் உறவினருள் ஒருவரேனும் என்னிடம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டைப் பற்றிக் கேட்டதில்லை. மணலியிலும் எண்ணூரிலும் எத்தனை ஆலைகள், காற்று எப்படி என்று வினவியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீனவர் படகையும் வலையையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். இவற்றைச் செய்தவன் கையில் கத்தி இல்லை. என் இளைய மகனுக்கு மார்கழியில் மூச்சிரைப்பு வருகிறது. வியாசர்பாடியில் குடியிருப்பதற்காக நான் வருந்திய இரவுகள் அவன் இருமிய இரவுகள் மட்டுமே.

மற்றொரு தீங்கும் உண்டு. அது பிள்ளைகளின் உள்ளத்தைத் தாக்குவது. நான் வீட்டுக்கடன் கேட்டுச் சென்றபோது ஒரு வங்கியின் அதிகாரி ஊதியச் சான்றைப் பார்த்துப் புன்னகைத்தார். முகவரியைப் பார்த்ததும் புன்னகையை எடுத்துக்கொண்டார். எனக்கு அது ஒருநாள் மனவருத்தம். ஆனால் என் மாணவர் ஒருவர், நன்கு படித்தவர், வேலைக்கான விண்ணப்பத்தில் தம் வீட்டு முகவரியை விடுத்து அண்ணாநகரில் இருக்கும் மாமா வீட்டு முகவரியை எழுதியிருந்தார். காரணம் கேட்டேன். "நம்ம முகவரி போட்டா கூப்பிட மாட்டாங்க ஐயா" என்றார். 2018இல் 'வடசென்னை' திரைப்படம் வந்தபின் என் மகளிடம் உடன்பயிலும் பெண் ஒருத்தி, உங்கள் தெருவில் எல்லோரும் கத்தி வைத்திருப்பார்களாமே என்று கேட்டிருக்கிறாள். "எங்க வீட்ல வெங்காயம் நறுக்கிற கத்தி இருக்கு" என்று இவள் விடைகூறி வந்தாள். அதனைச் சொல்லிச் சிரித்தவள், பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

ஊரைவிட்டுப் போகக்கூடியவர் எல்லாம் போய்விட்டால், எஞ்சியிருப்போர்க்காகக் குப்பைமேட்டைப் பற்றி மனு எழுதுபவர் யார் என்பதும் என் எண்ணம். படித்தவர் நீங்கிய தெருவில் குழாய் நீர் மேலும் ஒருநாள் தாமதமாகவே வரும். ஆனால் இந்தச் சுமையை நேற்று மணமான இளைஞர் தலையில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. மகனின் மூச்சிரைப்பு கூடுமானால் நானே இப்பகுதியை விட்டு விலகுவேன், பெயருக்காக விலகேன்.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவே: வீட்டைப் பகலில் பார்க்க வேண்டா, இரவு பத்து மணிக்குப் போய்த் தெருவில் நில்லுங்கள். யார் யார் வெளியே அமர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குழாயைத் திறந்து நீரை முகர்ந்து பாருங்கள். எந்தப் பக்கத்துக் காற்று வீசினால் நாற்றம் வருகிறது என்று மாடிவீட்டுப் பெண்களிடம் உங்கள் துணைவியார் கேட்கட்டும். அவர்கள் பொய் சொல்வதில்லை. மணலிக்கும் கொடுங்கையூருக்கும் எவ்வளவு தள்ளியிருக்க இயலுமோ அவ்வளவு தள்ளியிருங்கள்.

சென்ற வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில், ஸ்டான்லி மருத்துவமனைக்கு நடந்து செல்லும் தொலைவில், ஒரு மாடிவீட்டை இரவிலே போய்ப் பார்த்து வந்திருக்கிறார். வாடகை ஒத்துவருகிறதாம். கீழ்வீட்டு மூதாட்டி, "எத்தனை மாசம் முழுகாம இருக்கா?" என்று கேட்டாராம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. வரும் ஞாயிறன்று மனைவியையும் தம் தாயாரையும் அழைத்துச் செல்லப்போவதாகச் சொன்னார்.